மீட்டரைக் கும்பிடும் மருமவனுக்கு

வாய்யா மருமவனே! காரு வாங்கிட்டியாம், ஊரே பேசுது. மெட்ராசுல எடுத்த எட்டு வருசத்து வண்டி, மீட்டரு 31,000 கிலோமீட்டருதான் காட்டுதாம். மயிலம் முருகன் கோயில்ல பூசை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, பின்கண்ணாடியில வேலும் ஒட்டியாச்சு. இனிமே லட்சம் கிலோமீட்டரு வரைக்கும் ஒரு ஸ்பேனரும் இதத் தொடத் தேவையில்லன்னு உங்கம்மாகிட்ட சொன்னியாமே? எங்கக்கா அத நம்பிடுச்சு. சின்ன வயசுலேர்ந்தே அது அப்படித்தான்.

நான் படிக்காதவன். கரும்பு லாரியில க்ளீனரா ஏறி முண்டியம்பாக்கம் மில்லுக்குப் போய் வந்ததுதான் என் படிப்பு. அதனால ஒரு சந்தேகம் கேக்குறன், கோச்சுக்காத. எட்டு வருசத்துல 31,000ன்னா வருசத்துக்கு நாலாயிரம்கூட ஓடல. அப்ப ரெண்டுல ஒண்ணு. வித்தவன் வண்டிய நெழல்ல நிறுத்தி அழகு பாத்திருக்கணும். இல்லன்னா மீட்டர எவனோ பின்னாடி ஓட்டியிருக்கணும். கம்ப்யூட்டரச் சொருவினா கிலோமீட்டரு கொறையற காலம் இது. என் வயசையும் அப்படிக் கொறைக்க ஒருத்தன் இருந்தா நானும் காசு குடுக்கத் தயார்.

பிரேக் பெடல்ல இருக்கிற ரப்பரப் பாரு. தேஞ்சு வழவழன்னு இருக்கா? ஸ்டீரிங்கு பளபளக்குதா, டிரைவர் சீட்டு ஓரம் நைஞ்சிருக்கா? 31,000க்கு அதெல்லாம் அவ்ளோ தேயாது. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பரச் சொன்னா, அங்க சர்வீசுக்கு வுட்டிருந்தா, எந்த வருசம் எத்தன கிலோமீட்டர்ல வந்துச்சுன்னு பழைய கணக்கு இருக்கும். பணம் குடுக்கறதுக்கு முன்னாடி கேக்கற கேள்விதான். நீ பூசை போட்டதுக்கு அப்பறமாவது கேளு.

சரி, மீட்டரு சத்தியந்தான் பேசுதுன்னு வெச்சுக்குவோம். அப்பவும் நீ தப்பிக்கல. வண்டியில பாதி சாமான் கிலோமீட்டருக்குத் தேயும், மீதி சாமான் காலண்டருக்குச் சாவும். டயருல பட்டன் எல்லாம் புதுசாட்டம் இருக்குன்னு தட்டித் தட்டிக் காட்டினியாமே, பக்கவாட்டுல நாலு நம்பரு இருக்குமே, படிச்சியா? 2317ன்னு இருந்தா 2017ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். அதாவது வண்டியோடவே பொறந்த டயரு. டயரு 40,000, 50,000 ஓடும்பாங்க, வாஸ்தவம். ஆனா ரப்பரு வெயில்ல காஞ்சு பக்கவாட்டுல பொடிப்பொடியா வெடிப்பு வுடும். அஞ்சாறு வருசம் தாண்டிட்டா பட்டன் எவ்ளோ இருந்தாலும் பைபாஸ்ல நூறுல போற யோக்கியத அதுக்குக் கெடையாது.

பேட்டரியும் அந்த ஜாதிதான். நம்மூரு கத்திரி வெயிலுக்கு மூணு நாலு வருசம். சும்மாவே நிக்கற வண்டின்னா அதுவும் சந்தேகம். பிரேக் ஆயிலு காத்துல இருக்கிற ஈரத்தக் குடிக்கும், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும். மாத்தாத ஆயிலோட ஏலகிரி மலை எறங்கினா, சூட்டுல கொதிச்சி பெடலு தரை வரைக்கும் போவும். அப்ப பின்கண்ணாடி வேலுதான் தொணை. இஞ்சின் ஆயிலு 10,000 கிலோமீட்டரு இல்ல ஒரு வருசம், எது முன்னாடி வருதோ அது. உன்னுது டைமிங் செயினா, பெல்ட்டான்னு கேட்டுக்க. பெல்ட்டுன்னா, புத்தகத்துல போட்டிருக்கிற கெடுவத் தாண்டாத. ஓட்டத்துல அறுந்தா நெறைய இஞ்சின்ல வால்வு பிஸ்டன் மேல போய் முட்டும், அப்பறம் பில்லு உன் மேல முட்டும்.

கிளட்ச்சு எத்தன வருசம் வரும்னு கேட்டியே, அத என்னக் கேக்காத, உன் எடது கால கேளு. திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் கிட்டத்தட்ட நாப்பது கிலோமீட்டரு, டாப் கியரப் போட்டுட்டா கிளட்ச்சுக்கு வேலையே இல்ல. இப்படியே ஓட்டறவனுக்கு லட்சம் தாண்டியும் வரும். நீ பொங்கலுக்கு மொத நாளு ராத்திரி பரனூரு டோல்கேட்டுல ஊந்து, ஆத்தூருல ஊந்து, விக்கிரவாண்டியில ஊந்து வருவ. பெடல முழுசா அமுக்காம, முழுசா வுடாம, சம்பந்தி வூட்டுல உக்காந்த மாதிரி பட்டும் படாம கால வெச்சுக்கினு! 30,000ல கருகின வாசன வரும். அப்ப மெக்கானிக்கத் திட்டாத. பிரேக் பேடும் அப்படித்தான், 30,000லேர்ந்து 50,000 வரைக்கும் ஓட்டறவனப் பொறுத்து வரும். கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சா பாட்டுச் சத்தத்தக் கூட்டாத, பேடப் பாரு.

ரோட்டையும் கணக்குல சேத்துக்க. ஏர் ஃபில்டரு 40,000 வரும்னு புத்தகத்துல எழுதினவன் திருவக்கரை பக்கம் கிரஷர் லாரி பின்னாடி ஒரு நாளும் போவல. மரக்காணம் உப்பளக் காத்துல நிக்கற வண்டிக்கு அடிப்பக்கம் துருவேறும். இன்னொண்ணு, கூலண்டுக்கு பதிலா போர் தண்ணி ஊத்தற புத்தி உனக்கு உங்கப்பன்கிட்டேர்ந்து வந்திருக்கும். அந்த உப்புத் தண்ணி ரேடியேட்டர உள்ளேர்ந்தே தின்னுடும்.

தண்ணின்னதும் ஞாபகம் வருது. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயலு. மயிலத்துல ஒரே நாள்ல சுமாரா 50 சென்டிமீட்டரு கொட்டிச்சு. அரசூருகிட்ட பெரிய ரோட்டு மேலயே தண்ணி ஓடி வண்டியெல்லாம் நின்னுது. இஞ்சினுக்குள்ள தண்ணி பூந்த வண்டிய சாவி போட்டு முறுக்கினா, காத்து அமுங்கற மாதிரி தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். எவ்ளோ புது இஞ்சினா இருந்தாலும் அதோட சரி. சாதாரண இன்சூரன்ஸும் பெரும்பாலும் கைய விரிச்சிடும். இஞ்சின் பாதுகாப்புன்னு தனியாக் கட்டியிருக்கணும்.

அதுக்கு மொத வருசம், 2023 டிசம்பர்ல, மிக்ஜாம் புயல்ல மெட்ராசுல காருங்க மெதந்து போனத டிவியில பாத்தோமே? அந்த வண்டியெல்லாம் அப்பறம் எங்க போச்சுன்னு நெனச்சிருக்கியா? கழுவி, துடைச்சி, சென்ட்டு அடிச்சி, "ஒரே ஓனரு, கொறஞ்ச ஓட்டம்"னு எவன் தலையிலயோ கட்டியிருப்பாங்க இல்ல?

மொகத்த அப்படி வெச்சுக்காதய்யா, நான் பொதுவாத்தான் சொன்னன். போயி சீட்டு பெல்ட்ட கடைசி வரைக்கும் இழு. மண்ணுக் கற இருக்கான்னு பாரு. கால் மிதியத் தூக்கி, அடியில இருக்கிற கார்பெட்ட மோந்து பாரு. ஒண்ணுமில்லன்னா சாயங்காலம் வந்து என்ன ஏத்திக்க, செஞ்சி வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வருவோம். கற இருந்துச்சுன்னா அக்காகிட்ட மட்டும் இப்ப சொல்லாத, முருகனுக்குப் போட்ட மாலை வாடட்டும்.