மே மாதத்தில் பசிக்காத இனம்

அமெரிக்காவில் ஒரு கல்லூரி பேஸ்பால் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைப் பயிற்சியாளர் ஒருவர். பந்தெறிபவனுக்கு ஒருவர், மட்டை பிடிப்பவனுக்கு ஒருவர், உடம்பை முறுக்கேற்ற ஒருவர், தோள்பட்டை பிசகினால் பார்க்க ஒருவர், எதிரணிக்காரன் எப்படி எறிகிறான் என்று வீடியோ பார்த்துக் குறிப்பெடுக்க ஒருவர். எங்கள் தர்மபுரி மாவட்டத்துச் சிறு கல்லூரியும் இதற்குச் சளைத்ததல்ல. இத்தனை பேரும் இங்கேயும் உண்டு. என்ன, எல்லாரும் ஒரே டிராக் பேண்டுக்குள் இருக்கிறார்கள்.

அந்த டிராக் பேண்டுக்குப் பெயர் பி.டி. சார். காலை ஒன்பது மணிக்கு அவர் கேட்டில் நிற்பார். அடையாள அட்டை தொங்குகிறதா, சட்டை உள்ளே போயிருக்கிறதா, தலைமுடி காதைத் தொடுகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய முதல் விளையாட்டு. அப்புறம் கொடிக்கம்பக் கயிறு. அப்புறம் பஸ் பாஸ் விண்ணப்பக் கட்டு. கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் குழு வருகிறதென்றால் பூந்தொட்டிக்குக் காவி அடிப்பதை மேற்பார்வையிடுவார். யாராவது பெரிய மனிதர் வருகிறாரென்றால் மைக் செட்டுக்காரனோடு மல்லுக்கட்டுவார். மாலை நான்கு மணிக்கு மேல்தான் அவர் பயிற்சியாளர். அதுவும் அரை மணி நேரத்துக்கு. கடைசி பஸ்ஸை விட்டால் சித்தேரி மலைப் பையன் அன்றைக்கு வீடு சேர முடியாது. அந்த அரை மணியிலும் கபடிக்காரன் ஒரு பக்கம், வாலிபால்காரன் ஒரு பக்கம், நீளம் தாண்டுகிற பெண் ஒரு பக்கம் என்று அவர் விசிலுக்காகக் காத்திருப்பார்கள். பேஸ்பால் அணியும் நிற்கும், ஒன்பது பேருக்கு மூன்று கிளவோடு.

இந்த ஊரில் பேஸ்பால் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் பேஸ்பால் உண்டு. கபடிக்கு மண்டலம் முழுக்கப் பசியோடு அணிகள் திரளும். பேஸ்பாலுக்கு அந்தக் கூட்டம் இல்லை. பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்துவிட்டால் படிவம் 3 என்கிற சான்றிதழ் கிடைக்கும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. கணக்கு அவ்வளவுதான். அப்பனும் அம்மாவும் பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போயிருக்க, பாட்டி வீட்டில் வளர்ந்த பையன் இந்தக் கணக்கைப் போட்டால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதே கணக்கைக் கல்லூரி நிர்வாகங்கள் போடும் அழகைத்தான் பொறுக்க முடியவில்லை. தேவையான முதலீடு ஒரு மட்டை, நான்கு பந்து, ஒரு குரூப் போட்டோ. கோப்பில் ஒட்டியாயிற்று. ‘எங்கள் கல்லூரி அரிய விளையாட்டுகளையும் ஊக்குவிக்கிறது.’ ஊக்கம் முழுக்கக் கோப்புக்கு. பையனுக்கு மிஞ்சியது வெயில்.

மைதானத்தின் கதையைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் பந்தெறிபவன் நிற்கிற இடம் 10 அங்குலம் மேடாக இருக்க வேண்டும், அங்கிருந்து மட்டைக்காரனுக்கு 60 அடி 6 அங்குலம் என்று விதி. மம்பட்டி எடுத்து, மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து அந்த மேட்டைப் பி.டி. சாரும் பையன்களும் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். மாவட்டத் தலைநகரங்களில் கல்லூரி மைதானத்துக்கு இன்னொரு பெயர் ஹெலிபேடு. தலைவர் வானத்திலிருந்து இறங்கும்போது மேடு இருக்கலாமா? பொக்லைன் வரும். பத்தே நிமிடத்தில் சமன். இறங்கி வந்த தலைவர் மேடையேறி, இளைஞர்கள் விளையாட்டில் சாதிக்க வேண்டும் என்று பேசுவார். கேட்டுக் கைதட்டும் கூட்டத்தில் பையன்களை வரிசையாக உட்காரவைக்கிற பொறுப்பு யாருக்கு? பி.டி. சாருக்கு.

எங்கள் ஆட்களுக்கு எறியத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். சோளக்காட்டுப் பரணில் நின்று கவண் சுழற்றிய கைகள் இவை. பாலக்கோடு சந்தையில் விலை விழுந்தால் கூடை கூடையாகத் தக்காளியை ரோட்டில் எறிகிற கைகளும் இவையே. அந்த எறிதலுக்கு எந்த அரசும் இதுவரை பதக்கம் கொடுத்ததில்லை.

2008-ல் ஓர் அமெரிக்கர் இந்தியா முழுக்க வேகமாக எறிகிற கையைத் தேடி அலைந்தார். கிடைத்தவர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல். இரண்டு பேரும் உத்தரப் பிரதேசத்து ஏழைப் பையன்கள், ஈட்டி எறிபவர்கள். அவர்களைத் தென் கலிபோர்னியாவுக்குக் கூட்டிப்போய், டாம் ஹவுஸ் என்ற பந்துவீச்சுப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்தார்கள். அந்த வருட நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. பேஸ்பால் பந்தைத் தொட்டே ஒரு வருடம் ஆகாத பையன்கள்! 2014-ல் டிஸ்னி அதைப் படமாக எடுத்து, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்து, நாமும் பாப்கார்னோடு புல்லரித்தோம். படத்தில் நாம் பார்க்காமல் விட்டது ஒன்றுதான். கை இங்கே இருந்தது. கற்றுக்கொடுக்க ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கிற புத்தி அங்கே இருந்தது.

நம் புத்தி எப்படி வேலை செய்கிறது? 2012-ல் அ.தி.மு.க. அரசு பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை எடுத்தது. உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி என்று பல பிரிவு. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். கல்லூரி அணிக்கு வரப்போகிற பிள்ளையின் கையையும் காலையும் ஆறாம் வகுப்பில் முதலில் பார்க்கிற ஆள் இவர்களில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்தான். 2021 தேர்தலில் தி.மு.க. இவர்களை நிரந்தரமாக்குவோம் என்றது; வாக்குறுதி எண் 181. எண் எல்லாருக்கும் மனப்பாடம் ஆனது. கேட்டுக் கேட்டு, மறியல் செய்து, கைதாகி, கல்யாண மண்டபத்தில் அடைபட்டு, பன்னிரண்டு வருடத்தில் அந்த 5,000 ரூபாய் 12,500-ஐத் தொட்டது. நிரந்தரம் மட்டும் அந்த எண்ணோடு காகிதத்திலேயே நிரந்தரமாகிவிட்டது.

இதில் மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்றே வருடக்கணக்காக நடந்தது. பள்ளி விடுமுறையாம். அரிசிக்கடைக்காரர் விடுமுறை விடுவதில்லை, வீட்டுக்காரர் வாடகைக்கு விடுமுறை விடுவதில்லை. உடற்கல்வி ஆசிரியரின் வயிறு மட்டும் ஏப்ரல் 30-ந் தேதி மாலையோடு மூடி, ஜூன் மாதம் பள்ளி மணி அடித்ததும் திறக்கும் என்பது கோட்டையில் யாரோ செய்த மருத்துவக் கண்டுபிடிப்பு. வேடிக்கை என்னவென்றால், மாவட்ட விளையாட்டரங்கங்களில் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடப்பதும் அந்தச் சமயத்தில்தான்.

கல்லூரிப் பக்கம் வந்தால் பெயர் மட்டும் பெரிதாகிறது: கௌரவ விரிவுரையாளர். பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் இவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பாதியைத் தொடுவதற்கே வருடங்கள் பிடித்தன. அதுவும் வருடத்துக்குப் பதினொரு மாதம். கௌரவம் போக மீதிதான் சம்பளம் போலிருக்கிறது. வகுப்பறையில் நிற்பவருக்கே இந்தக் கதி என்றால் வெயிலில் நிற்பவரைப் பற்றி என்ன பேச! சுயநிதிக் கல்லூரியில் பி.டி. சாருக்கு என்ன சம்பளம் என்று கேட்காதீர்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று அவரே கேட்பதில்லை.

அமெரிக்கா மட்டும் யோக்கியமா என்றால், அங்கேயும் இந்தப் புத்தி இருந்தது. கல்லூரி பேஸ்பால் அணிகளில் ‘தன்னார்வ உதவிப் பயிற்சியாளர்’ என்று ஒரு பதவி. முழுநேர வேலை, சம்பளம் பூஜ்யம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு அதை விதியாகவே எழுதி வைத்திருந்தது. பயிற்சியாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜூலையில் அந்தப் பதவி ஒழிந்தது; அப்புறம் ஏறத்தாழ 5 கோடி டாலர் கொடுத்து அந்த அமைப்பு சமரசத்துக்கு வந்தது. அங்கே அந்தப் பூஜ்யத்தைச் சட்டவிரோதம் என்று வாதாடினார்கள். இங்கே நாம் அதற்குச் ‘சேவை மனப்பான்மை’ என்று பெயர் வைத்து, ஆசிரியர் தினத்தன்று ஒரு பேனா பரிசளிக்கிறோம்.

பணமில்லையா? 2024 ஆகஸ்ட் 31-லும் மறுநாளும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் ஓடின. அதற்குத் தமிழக அரசு ஒதுக்கிய தொகை 42 கோடி ரூபாய். பகுதிநேர ஆசிரியரின் அன்றைய 12,500-ஆல் அதை வகுத்துப் பாருங்கள். 33,600 மாதச் சம்பளம். மே மாதத்தையும் சேர்த்துக்கொண்டால்கூட 2,800 பேருக்கு ஒரு முழு வருடம். இரண்டு நாள் புகைக்கு 2,800 பேரின் வருடம். கார் ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொப்பூர்க் கணவாயில் லாரிகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்கும் வேகம் பிடிக்கும். வேகத்துக்குக் கொடுக்கிற மரியாதையில் நூறில் ஒரு பங்கை அந்த விசிலுக்குக் கொடுங்கள் என்கிறேன்.

நூறு வருடத்துக்கு முன்னால், 1920-ல், ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டு கற்றுக்கொடுப்பது ஒரு படிப்பு, ஒரு தொழில் என்று இந்த மண்ணில் நிறுவியது அந்தக் கல்லூரி. அந்தத் தொழிலின் கதி இப்படியிருக்க, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பால் இருக்கிறது. அதற்கு இன்னும் நேரமிருக்கிறது. அதற்குள் நம் தொலைக்காட்சிகளில் ‘140 கோடிப் பேர் இருந்தும் ஏன் பதக்கம் இல்லை?’ என்கிற விவாதத்துக்கு நாற்காலி போட ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கு ஒரு யோசனை உண்டு. மே மாதம் பசிக்காது என்கிற கண்டுபிடிப்பை பகுதிநேர ஆசிரியர்களோடு நிறுத்தி வைப்பது அநியாயம். அதன் பலன் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். சோதனையைச் சட்டமன்றத்திலிருந்தே தொடங்கலாம். 2018 தொடக்கத்தில் நம் உறுப்பினர்கள் தங்கள் மாத ஊதியத்தை 55,000-லிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்திச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். மறியல் இல்லை, கைது இல்லை, மண்டபம் இல்லை. வாக்குறுதி எண்ணும் தேவைப்படவில்லை. முன்தேதியிட்டு நிலுவையோடு வந்தது. மே மாதத்துக்கும் சேர்த்து.