பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது

போன கார்த்திகையில் அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து வரும்போது எனக்கென்று ஒரு டார்ச் வாங்கி வந்தான். உள்ளங்கை நீளம், கன்னங்கரேல் என்று இருந்தது. பின்பக்க மூடியைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒற்றை பேட்டரி. அதன்மேல் 18650 என்று அச்சடித்திருந்தது. எனக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது.

“ஏன்டா மாப்ள, ஒரு டார்ச்சு பேட்டரிக்கா பதினெட்டாயிரத்து அறுநூத்தம்பது ரூவா குடுத்தே?”

அவன் சிரிக்கவில்லை. டார்ச் பைத்தியங்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம் போலிருக்கிறது. “அது விலை இல்ல மாமா. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். கடைசியில இருக்கிற சைபருக்கு உருளைன்னு அர்த்தம்.”

பேட்டரி உருளையாக இருப்பது எனக்கே கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு எதற்கு ஒரு சைபர் என்று கேட்டேன். அதுதான் நான் கேட்ட இரண்டாவது கேள்வி. அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் எத்தனை கேட்டேன் என்பது அவனுடைய வாட்ஸப்புக்குத்தான் தெரியும்.

நான் வளர்ந்த வீட்டில் இதற்குப் பெயர் டார்ச்சே இல்லை, பேட்டரி லைட்டு. அது எத்தனை கட்டை, அதாவது எத்தனை பேட்டரி, என்பதில் குடும்ப அந்தஸ்து தெரிந்துவிடும். ரெண்டு கட்டை என்றால் நம்மைப் போன்றவர்கள். மூணு கட்டை என்றால் நாலு வேலி நிலம் இருக்கும். அஞ்சு கட்டை லைட்டு வைத்திருந்தவர் ஊரில் ஒருவர்தான். அவர் அதை எரித்து நான் பார்த்ததில்லை. பட்டப்பகலில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார். 2019-இல் கமல்ஹாசன் கட்சிக்கு பேட்டரி டார்ச் சின்னம் கொடுத்தபோதுகூட, எங்கள் டீக்கடையில் ஒரு பெரியவர், “எத்தன கட்டைன்னு போட்டிருக்கா?” என்றுதான் விசாரித்தார்.

அப்பாவுடையது ரெண்டு கட்டை. ராத்திரியில் முறைத் தண்ணீருக்கு மடை திறக்கப் போகும்போது எடுத்துப் போவார். ஒரு தரம் அடிப்பார், உடனே அணைப்பார், இருட்டிலேயே நாலு அடி நடப்பார். மறுபடி அடிப்பார். அந்த ஒரு மினுக்கலில் வரப்பில் கிடக்கும் பாம்பு தெரிந்துவிடும். அடுத்த நாலு அடிக்குள் புதிதாக வந்து சேருகிற பாம்புக்கு அவர் பொறுப்பில்லை. 1899 ஜனவரியில் டேவிட் மிசெல் என்பவர் அமெரிக்காவில் இந்தக் கைவிளக்குக்குக் காப்புரிமை வாங்கியபோது, அந்தக் காலத்து பேட்டரி தொடர்ந்து எரியத் தாங்கவில்லையாம். விட்டு விட்டு மினுக்கத்தான் முடிந்ததாம். அதனால்தான் அங்கே அதற்கு ஃப்ளாஷ்லைட் என்றே பெயர் நின்றுவிட்டது. எழுபத்தைந்து வருஷம் கழித்து எங்கள் ஊர் வரப்பில் அப்பா அதை அப்படியேதான் எரித்துக்கொண்டிருந்தார். பேட்டரிக்குத் தெம்பு கூடியிருந்தது, அவர் கைக்குச் சிக்கனம் போகவில்லை.

தீர்ந்துபோன கட்டையைத் தூக்கிப்போடுகிற வழக்கமும் கிடையாது. முறத்தில் மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் வெயிலில் காயும். சாயங்காலம் எடுத்துப் போட்டால் பத்து நிமிஷம் எரியும். சூட்டில் உள்ளே இருக்கும் ரசாயனம் கொஞ்சம் சுறுசுறுப்பாவதால் கிடைக்கும் பத்து நிமிஷம் அது. வெயில்தான் உள்ளே புகுந்து கரண்டாக மாறுகிறது என்று எட்டாம் வகுப்பு வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். மறந்துபோய் லைட்டுக்குள்ளேயே விட்டுவிட்டால் கட்டை ஒழுகி, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, உலக்கையால் தட்டினாலும் வெளியே வராது. அந்தக் கட்டையின் துத்தநாக ஓடுதான் உள்ளே செலவாகிற சரக்கும். எரிய எரிய ஓடு கரையும். பாத்திரத்தையே கரைத்துச் சமைத்தால் குழம்பு அடுப்பில் ஒழுகத்தானே செய்யும்?

இவ்வளவு அனுபவத்தோடு மாப்ளையிடம் கேட்டேன்: “இத எப்ப வெயில்ல வைக்கணும்?”

“மாமா!” என்று அவன் போட்ட சத்தத்தில் கொல்லையில் கட்டியிருந்த மாடு திரும்பிப் பார்த்தது. இது லித்தியமாம். வெயிலில் காயவைக்கக் கூடாது, கடிக்கக் கூடாது, சாவிக்கொத்தோடு பையில் போடக் கூடாது. முழு வயிறு 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே பட்டினி போடாமலிருப்பது நல்லது. ரொம்ப நாள் எடுக்காமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். சும்மா கிடப்பவனுக்கு அரை வயிறு போதும் என்பது நியாயமாகத்தான் பட்டது. நான் ரிட்டயர் ஆனதிலிருந்து என் மனைவியின் கொள்கையும் அதுதான்.

அவன் ஊருக்குப் போன பிறகு, கைவசம் இன்னொரு பேட்டரி இருக்கட்டும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் தெருவில் இருபது நாள் கரண்டு இல்லாமல் கிடந்தவன் நான். எதிலும் இரண்டு வைத்துக்கொள்ளும் புத்தி அப்போது வந்தது. நூற்றிருபது ரூபாய். மேலே 9900 எம்.ஏ.எச். என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாப்ள கொடுத்ததில் வெறும் 3500. பாவம், ஏமாந்திருக்கிறான் என்று போனில் ஆறுதல் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “ரெண்டையும் எடை போட்டுப் பாருங்க மாமா” என்றான்.

வீட்டுத் தராசு கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது. கடைத்தெரு அடகுக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் இரண்டு பேட்டரியையும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்னத் தராசில் வைத்து, மூடியை இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முதலாவது 47 கிராம். என்னுடைய 9900 வெறும் 26. “இதுல கல்லு கழிவு போகணுமா சார்?” என்று மரியாதையாகக் கேட்டார். நல்ல கம்பெனிக்காரனே அந்த அளவு பேட்டரியில் 3500 பக்கம்தான் நிற்கிறானாம். 9900 என்பது அச்சடித்தவன் கை போன போக்கு. அதை சார்ஜில் போடவே போடாதீர்கள் என்று மாப்ள உத்தரவு போட்டுவிட்டான். இன்றுவரை ஜன்னலில் காகிதங்கள் பறக்காமல் அதுதான் காவல் காக்கிறது. 26 கிராமுக்கு அந்த வேலையே கொஞ்சம் அதிகம்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் கீறல்.

மூன்றாம் நாளே விழுந்துவிட்டது. பின்மூடிக்குப் பக்கத்தில், அரை நகம் நீளத்துக்கு. வெறும் கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடி போட்டாலும் சந்தேகம்தான். நன்றாகப் பார்ப்பதற்காக பரணிலிருந்து அப்பாவின் பழைய லைட்டை இறக்கி, கட்டை போட்டு, அதன் மஞ்சள் வெளிச்சத்தில் புது டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறலேதான். ராத்திரி பதினொன்றரைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “இது பரவுமா?”

மறுநாள் காலையில் பதில் வந்தது. அந்தக் கருப்பு பெயின்ட் இல்லையாம். அலுமினியத்தை அமிலத் தொட்டியில் போட்டு, கரண்டு கொடுத்து, அதன் மேல்தோலையே ஆக்சைடாக மாற்றிவிடுகிறார்களாம். தலைமுடிக் கனம்கூட இருக்காது, ஆனால் இரும்பைவிடக் கெட்டி. விளிம்புகளில் மட்டும் சீக்கிரம் தேயும், தேய்ந்தால் வெள்ளி தெரியும், வெளிச்சத்துக்கு ஒன்றும் ஆகாது. போகிற போக்கில், மாணிக்கமும் நீலக்கல்லும் இதே அலுமினியம் ஆக்சைடுதான் என்று ஒரு வரி சேர்த்திருந்தான். அதை அவன் எழுதியிருக்கவே கூடாது. மாணிக்கத்தை யார் வெளியே வைப்பார்கள்? மனைவியின் ஆரம் வந்த வெல்வெட் பையில் டார்ச்சைப் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன்.

வாரம் ஒரு தரம் எடுத்துத் துடைப்பேன். துடைக்கும்போதுதான் புதுப்புதுக் கேள்விகள் வரும். மரையில் கருப்பாக ஏதோ ஒட்டுகிறதே, என்ன? (அலுமினியம் தேய்ந்த பொடி கிரீஸோடு கலந்தது, துடைத்தால் போகும்.) ரப்பர் வளையம் உலர்ந்தாற்போல் இருக்கிறதே? (சிலிக்கோன் கிரீஸ் ஒரு சொட்டு.) எங்கள் ஊரில் சிலிக்கோன் கிரீஸுக்கு எங்கே போவது? நம் வீட்டில் கதவுக் கீல் முதல் கைக்குழந்தை வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். ஒரு கரண்டி விட்டுத் திருகினேன். திருகும்போது அது சுழன்ற சுகமே தனி. மார்கழியில் ஒரு விடியற்காலை கோயிலுக்குப் போக எடுத்து அமுக்கினால், டார்ச் மினுக் மினுக்கென்று அப்பாவைப் போல எரிந்தது. பின்மூடியைக் கழற்றினேன். எண்ணெய் உறைந்து மரை முழுக்க வெள்ளை வெள்ளையாக நிற்கிறது. கரண்டு போகிற வழியே அந்த மரைதானாம். அன்று மாப்ளையிடம் எதுவும் கேட்கவில்லை.

சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடை மழை. முதல் தூறலுக்கே கரண்டு போனது. ஆறு மாதமாக நான் காத்திருந்த நேரம். தட்டுத்தடுமாறி பீரோவைத் திறந்தால் வெல்வெட் பை இருக்கிறது, உள்ளே டார்ச் இல்லை.

சமையல்கட்டில் வெளிச்சம். அடுப்பு மேடையில் டார்ச்சைச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கிறாள் மனைவி. வெளிச்சம் கூரையில் பட்டுத் திரும்பி, சமையல்கட்டே கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. இப்படி ஒரு உபயோகம் எனக்குத் தோன்றவில்லையே என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவள் அதைக் கையில் எடுத்தாள். மேடையில் கிடந்த இஞ்சித் துண்டின் மேல் நச், நச், நச் என்று மூன்று போடு போட்டாள். வெளிச்சம் கூரைக்கும் சுவருக்குமாக மூன்று தரம் குதித்தது.

“குழவி கொல்லையில கெடக்கு. மழையில யாரு போறது?” என்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

வாங்கிப் பார்த்தேன். பின்மூடி விளிம்பில் பிறை வடிவத்தில் கருப்பு போய் வெள்ளி தெரிந்தது. மரையின் வாயில் இஞ்சி நார். படம் எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல், மாப்ளைக்கு அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: “கண்ணாடிப் பக்கமாத் தட்ட வேணாம்னு அத்தைகிட்ட சொல்லுங்க.”

மரையில் சிக்கிய இஞ்சி நாரைக் குண்டூசியால் எடுத்தால் வந்துவிடுகிறது. எடுத்த பிறகு வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள்.