பதினாலு செகண்டுக்காரர்

பழைய லேப்டாப்பை அவர் கண்ணில் படும்படி வைத்துவிடாதீர்கள். உள்ளே போய் காபி கொண்டு வருவதற்குள் அதைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூவை எண்ணிக்கொண்டிருப்பார்.

"ஹார்டு டிஸ்க்தானே சார்? நிமிஷத்துக்கு 5400 சுத்து. சுத்தி என்ன பிரயோஜனம்? எஸ்எஸ்டி போடுங்க, பறக்கும்."

பொய்யில்லை. ஹார்டு டிஸ்கில் தட்டு சுழன்று, ஹெட் நகர்ந்து, கேட்ட இடத்தைப் பிடிக்கப் பத்து மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் சுழல எதுவுமே கிடையாது; 0.1 மில்லிசெகண்டு போதும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களைத் தேடி எடுப்பதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அவரே போய் இரண்டரை இன்ச் சாட்டா டிரைவ் வாங்கி வருவார். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவைக்கூட விடமாட்டார். மூடி முடித்ததும் ஒன்று மிஞ்சும். "அது எக்ஸ்ட்ரா சார்."

தொல்லை இனிமேல்தான். செல்போனில் ஸ்டாப்வாட்ச்சை எடுப்பார். வீட்டில் எல்லோரும் வந்து உட்கார வேண்டும். அடுப்பில் ரசம் பொங்கினாலும் சரி. பவர் பட்டனில் விரலை வைத்து, மூச்சைப் பிடித்து, ஒரே அமுக்கு. "பதினாலு!" கைதட்டுவதற்குள் ஷட்டவுன் செய்துவிடுவார். "இப்ப பாருங்க, பதிமூணுக்கு வரும்." பதினாலரை வரும். சார்ஜர் மாட்டவில்லை என்பார். மாட்டி மறுபடி. ஆன்ட்டிவைரஸ் இழுக்குது என்பார். மறுபடி. டெஸ்க்டாப் வந்த பிறகு அவர் எதையாவது திறந்து நான் பார்த்ததில்லை. லேப்டாப் என்பதே ஆன் ஆவதற்காகக் கண்டுபிடித்த பொருள் என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

ஒருநாள் நான் கட்டுரை அடித்துக்கொண்டிருந்தபோது தன் மச்சினருடன் வந்தார். "இதைத்தான் சொன்னேன்" என்று பட்டனை அழுத்திப் பிடித்தார். திரை கறுத்தது.

"சேவ் பண்ணலையே சார்!"

"அதனால என்ன சார், பதினாலு செகண்டுல வந்துடும்."

லேப்டாப் வந்தது. கட்டுரை வரவில்லை.

இதில் எனக்கு நிஜமாகவே கோபம். என் லேப்டாப்பில் பேட்டரி செத்து வருஷமாகிறது, கீல் உடைந்து டேப்பில் நிற்கிறது, இரண்டு கீ வேலை செய்யவில்லை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. என் நாலாம் தலைமுறை இன்டெல்லை விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கேட்டால், "அதெல்லாம் அப்புறம் சார், ஸ்பீடு எப்படி?"

திட்டவும் வாய் வருவதில்லை. மாடி வீட்டுப் பெண்ணிடம், அவள் அக்காவுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் இருந்தது. ஆன் பண்ணிவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். பழைய டிஸ்க் எப்போது சாகுமோ என்ற நிலையில் ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்து, அக்காவின் கல்யாண போட்டோ உட்பட எல்லாவற்றையும் புது டிரைவில் குளோன் பண்ணிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. கையோடு ஸ்டாப்வாட்ச்சையும் எடுத்தார்.

"அங்கிள், நாளைக்கு அசைன்மெண்ட். விடுங்க, நான் அடிக்கணும்" என்றாள் அவள்.

மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"ஆபீஸ்ல உங்களுக்கு டெஸ்க்டாப்தானே சார்?"