போயிடும் சார்!

குட்டியானைக்காரர் தமிழகத்தின் எல்லா ஊர்களிலும் காணப்படுவார். ஹார்டுவேர் கடையும் மரவாடியும் சிமெண்டு குடோனும் வரிசையாக இருக்கும் சாலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தால், அதன் நிழல்தான் அவருடைய ஸ்டாண்டு. பகல் பதினொரு மணிக்கு அங்கே போனால் முன்சீட்டில் காலை வெளியே நீட்டிப் படுத்திருப்பார். நீளமான பொருளை ஏற்றும் முறையை அவர் தம் உடம்பை வைத்தே நிரூபித்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

வண்டிக்குக் கம்பெனி வைத்த பெயர் டாடா ஏஸ். 2005-இல் சந்தைக்கு வந்தது. தொடக்கத்தில் வந்த வண்டிக்கு இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம் என்பது கம்பெனியின் கணக்கு. குட்டியானைக்காரரின் கணக்கில் டன் என்ற அலகே கிடையாது. பின்பட்டை நேராகும்வரை ஏற்றலாம். நேரான பிறகும் வாடிக்கையாளர் கெஞ்சினால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். அசோக் லேலண்டு தோஸ்த், பொலிரோ பிக்கப் வைத்திருப்பவர்களும் இதே இனம்தான். பெட்டி ஓரிரு அடி கூடுதலாக இருக்கும், நம்பிக்கையும் அதற்கேற்ப நீளும்.

குட்டியானையின் பெட்டி ஏழடிக்குக் கொஞ்சம் மேல் நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். கட்டட உலகம் இந்த அளவைக் கேட்டுக்கொண்டு உருவாகவில்லை. பிளைவுட் எட்டடி. பிவிசி பைப்பும் ஜிஐ பைப்பும் இருபது அடி. முறுக்குக் கம்பி நாற்பது அடி. சாரத்துக்கு வரும் சவுக்குக் கழி கடவுள் விட்ட நீளம். யாரையும் எதையும் தொந்தரவு செய்யாமல் ஏழடிப் பெட்டிக்குள் அடங்குபவை சிமெண்டு மூட்டையும் மேஸ்திரியும் மட்டுமே.

ஆனாலும் எந்தச் சரக்கையும் பார்த்து ‘போகாது’ என்று குட்டியானைக்காரர் சொன்னதாகச் செய்தி இல்லை. அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் வாடிக்கையாளருக்குப் பெரும்பங்கு உண்டு. பல லட்சம் போட்டு வீடு கட்டுகிறவர், டைல்ஸில் கணக்குப் பார்க்காதவர், வண்டி வாடகை என்று வந்ததும் திடீரெனக் காந்தியவாதி ஆகிவிடுவார்.

“தம்பி, இருபது அடி பைப்பு. முப்பது இருக்கு. போயிடுமா?”

“போயிடும் சார்.”

“பெரிய வண்டி வேணும்னு கடைக்காரர் சொல்றாரே?”

“அவருக்கென்ன சார், சொல்லுவாரு. கேபின் மேல சாத்திக்கலாம். நீங்க பேசாம பின்னாடியே வண்டில வாங்க.”

இந்த உரையாடலில் இருவரும் ஒருமுறைகூட டேப்பை எடுப்பதில்லை. வண்டியின் மொத்த நீளமே பன்னிரண்டரை அடி. இருபது அடி பைப்பை முன் பம்பருக்கு நேராக வைத்தாலும் பின்னால் ஏழரை அடி அந்தரத்தில் நிற்கும். இருபது அடிப் பெட்டி உள்ள லாரி வரவேண்டிய வேலை இது. அல்லது பைப்பைக் கடையிலேயே பாதியாக அறுத்துக்கொண்டு, வீட்டில் கப்ளிங் போட்டு ஒட்டிவிடலாம். இரண்டாவது வழியைச் சொல்லும் பிளம்பரை வாடிக்கையாளர் சந்தேகத்துடன் பார்ப்பார். கப்ளிங்குக்குக் காசு ஆகுமே.

ஏற்றும் கலையில் குட்டியானைக்காரருக்கு விவரம் போதாது என்று சொல்ல முடியாது. கனமானது அடியில், முன்னால், கேபினை ஒட்டி என்பது அவருக்குத் தெரியும். கம்பி விஷயத்தில் மட்டும் அந்த அறிவு கடையின் பில்லுக்கு முன்னால் தோற்றுவிடும். 12 மில்லிமீட்டர் கம்பி நாற்பதடிக்குக் கிட்டத்தட்ட 10.7 கிலோ. எழுபது கம்பி ஏறினாலே முக்கால் டன் முடிந்தது. வாடிக்கையாளரோ ஒரு டன் சொல்லியிருப்பார். அது தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நான்கு கம்பி. அத்தனையையும் நடுவில் மடக்கி, மடக்கிய முனையைக் கேபின்மேல் ஏற்றி, இரண்டு நுனிகளையும் பின்னால் தொங்கவிடுவார்கள். நுனி தார்ச்சாலையில் கோடு கிழித்துக்கொண்டே போகும். பின்னால் ஸ்கூட்டரில் வரும் வீட்டுக்காரர் சிக்னலில் மாட்டிக்கொண்டாலும் வழி தவற வாய்ப்பில்லை.

பின் அச்சுக்கு அப்பால் நீளும் பாரம் முன்சக்கரத்தின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைக்கும். கிணற்று ஏற்றத்தில் ஆள் வால்பக்கம் நடந்தால் முன்பக்கம் மேலே எழும்புவதைப் போன்ற கதைதான். முன்சக்கரம் சாலையைப் பட்டும் படாமலும் தொட்டு வரும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். பிரேக்கின் பெரும்பகுதி வேலையைச் செய்வதும் அதே முன்சக்கரங்கள் என்பதால் நிற்பதற்கும் யோசிக்கும். இந்த அபாய அறிகுறியைக் குட்டியானைக்காரர் ஒரு வசதியாக எடுத்துக்கொள்வார். “இன்னிக்கு ஸ்டியரிங் பூவாட்டம் இருக்கு சார்!”

அடுத்தது கட்டு. இனத்தின் மேதைமை முழுவதும் வெளிப்படும் இடம் இது. சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு நைலான் கயிறு வெளியே வரும். ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்தது. நாலைந்து இடத்தில் முடிச்சுப் போட்டு ஒட்டியது. லாரிக்காரர்கள் வைத்திருக்கும் ராட்செட் பெல்ட்டை அவர் தேங்காய் உரிக்கும் மெஷினுக்குச் சமமாக மதிக்கிறார், கையாலாகாதவர்களுக்கு ஏற்பட்டது. கயிற்றை லோடின்மேல் வீசுவார், மறுபக்கம் போய்க் கொக்கியில் மாட்டுவார். நடுக்கயிற்றில் ஒரு சுருக்குப் போட்டு, நுனியைக் கொக்கிக்குக் கீழே விட்டு, திரும்ப அந்தச் சுருக்கின் வழியாக எடுத்து, டயரில் ஒரு காலை ஊன்றி இழுப்பார். உராய்வைக் கழித்துவிட்டால் இது இழுப்பு விசையை மூன்று மடங்காக்கும் ஏற்பாடு. கப்பி பாடம் நடந்த அன்று அவர் பள்ளிக்கே வரவில்லை. ஆனால் பாடம் எடுத்தவரால் இந்த முடிச்சைப் போட முடியாது. கட்டி முடித்ததும் லோடைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவார். “பாருங்க, வண்டிதான் ஆடுது. லோடு ஆடல.”

ஆடாமல் இருப்பது வெளிவரிசைப் பைப்புகள் மட்டுமே. மேலே ஓடும் கயிறு கட்டின் தோலைத்தான் பிடிக்கும். நடுவில் இருக்கும் வழவழப்பான பிவிசி பைப்புக்கு அந்தக் கயிற்றோடு எந்த உறவும் இல்லை. சடன் பிரேக் அடித்தால் வண்டி நிற்கும், நடுப்பைப்பு தன் பயணத்தைத் தொடரும். முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்கண்ணாடிதான் அதன் அடுத்த நிறுத்தம். இதற்குச் செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. பைப்புகளைச் சிறு சிறு கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு இடங்களில் முழுச்சுற்றுச் சுற்றி நெருக்கிக் கட்டவேண்டும். அதன்பிறகே வண்டியோடு பிணைக்கவேண்டும். முன்முனைகளைச் சாக்கால் மூடி, அதையும் பின்பக்கம் இழுத்துக் கட்டவேண்டும். சரக்கு முன்னோக்கி நழுவாதிருக்க, அதன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையைக் கட்டு தாங்கவேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதி. குட்டியானைக்காரரின் விதி இன்னும் சுருக்கம்: மூணாவது கியரைத் தாண்டாதே.

நைலான் இழுபடும். லோடும் நாலு வேகத்தடையில் குலுங்கி அமரும். ஆகவே கிளம்பிய சில கிலோமீட்டரில் நிறுத்திக் கட்டை மறுபடி இறுக்குவது அவசியம். குட்டியானைக்காரர் தவறாமல் நிறுத்துவார், ஆனால் டீக்கடையில். வலது கையில் டம்ளர் இருக்கும். இடது கை தன்பாட்டுக்குக் கயிற்றைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். எதற்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டால், தலைவலி என்பார்.

சிவப்புத் துணிக்குத் தனி அத்தியாயமே எழுதலாம். பழைய சேலையின் முந்தானை, உள்பாவாடைக் கிழிசல், மேல்மருவத்தூர் போய்வந்த வேட்டியின் ஓரம் என்று அதன் பூர்வீகம் பலவகை. எதுவும் கிடைக்காதபோது ஒரு வேப்பிலைக் கொத்து செருகப்படும். அது எச்சரிக்கையா காப்பா என்பது பின்னால் வருகிறவரின் நம்பிக்கையைப் பொறுத்தது. ராத்திரியில் துணி கறுப்பாகிவிடும். சிவப்பு விளக்கோ ஒளியைத் திருப்பியடிக்கும் ஸ்டிக்கரோதான் அப்போது கண்ணில் படும். துணி கட்டிவிட்டால் எத்தனை அடி வேண்டுமானாலும் நீட்டலாம் என்பது இந்த இனத்தின் உறுதியான சட்ட அறிவு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 2014-இல் திருத்தப்பட்டபோதே, வண்டியின் பின்முனையைத் தாண்டிச் சரக்கு நீட்டுவது தடைசெய்யப்பட்டுவிட்டது. சேதி இன்னும் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்து சேரவில்லை.

ஓட்டும்போது மிகவும் ஏமாற்றுவது வால். வண்டி இடப்பக்கம் திரும்பினால், பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி வலப்பக்கமாக வீசும். வண்டி இடதில் ஒதுங்குகிறது என்று நினைத்து வலப்பக்கமாக முந்த வரும் பைக்காரரின் நெஞ்சு உயரத்தில் அந்த வீச்சு நடக்கும். நீளமான லோடோடு திரும்புகிறவர் அகலமாகவும் மெதுவாகவும் திரும்பவேண்டும். பின்னால் ஒரு ஆள் இறங்கி நின்று வண்டிகளை நிறுத்தவேண்டும். அந்த ஆள் இருக்கிறார். லோடின்மேல் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார். மெத்தை ஏற்றிய நாட்களில் அவரே கயிறாகவும் பணியாற்றுவார். வேகம் இரட்டித்தால் காற்றின் தள்ளு நான்கு மடங்காகும் என்பதை அவர் மேம்பாலத்தின் உச்சியில், மெத்தைமேல் குப்புறப் படுத்த நிலையில் கற்றுக்கொள்வார்.

கல்யாணச் சீர் பீரோவை ஏற்றும்போது மட்டும் இதே மனிதர் வேறு அவதாரம். அடியில் கோணி, மூலைக்கு மூலை பழைய போர்வை, இரண்டு கயிறு, எட்டு முடிச்சு, இருபது கிலோமீட்டர் வேகம். பெண்வீட்டார் பொல்லாதவர்கள், கீறல் விழுந்தால் வாடகை வராது. பீரோவின் கண்ணாடி பின்பக்கம் பார்த்திருக்கும். சிக்னலில் நிற்கும் பைக்காரர்கள் அதில் பார்த்து வரிசையாகத் தலை வாரிக்கொள்வார்கள்.

போலீஸ்காரர் நிறுத்தினால் உரையாடல் மாறுவதே இல்லை.

“என்னய்யா இது, தேரா?”

“பக்கத்துலதான் சார். இந்த வளைவு தாண்டினா வீடு.”

எந்த ஊரில், எந்தச் சாலையில் நிறுத்தினாலும் வீடு அடுத்த வளைவில்தான் இருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ உயரத்திலோ அனுமதித்த அளவை மீறி நீட்டினால் அபராதம் 20,000 ரூபாய். நீட்டும் சரக்கை இறக்கும் செலவும் சேரும். வாடிக்கையாளர் ஸ்கூட்டரில் இவ்வளவு தூரம் ஒட்டியே வந்தவர், இந்தக் கட்டத்தில் நூறடி தள்ளி நின்று யாரோ ஒருவராகிவிடுவார். ‘வண்டி டிரைவர் பொறுப்பு’ என்பது அவருடைய சட்ட அறிவு. ஏற்றி ஓட்டச் சொன்னவரும் அதே பிரிவில் வருவார்.

இறக்கும் இடத்தில் அவசரம் கூடும். கட்டை அவிழ்க்கும்போது லோடு சாய்ந்திருக்கும் பக்கம் யாரும் நிற்கக்கூடாது. இறுகியிருந்த கயிறு விடுபட்டதும் மேல்வரிசைப் பைப்பு உருண்டு அந்தப் பக்கமே வரும். வீட்டுக்காரர் சரியாக அங்கேதான் நின்று எண்ணிக்கொண்டிருப்பார். குட்டியானைக்காரர் அவரைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு எதிர்ப்பக்கமிருந்து முடிச்சைத் தட்டுவார். கம்பியானால் மடக்கு விறைப்பாக இருக்கும், நுனி தெறிக்கும். கையுறை இல்லாத லோடுமேன் துண்டைக் கையில் சுற்றிக்கொள்வார்.

பிறகு வாடகைத் தகராறு. ஒரு பைப்பின் நுனி சாலையில் தேய்ந்திருப்பதைக் காட்டி வீட்டுக்காரர் ஐம்பது ரூபாய் குறைப்பார். இறக்குகூலி தனி என்று குட்டியானைக்காரர் நூறு கூட்டுவார். பெரிய வண்டியே கூப்பிட்டிருக்கலாம் என்று இவரும், ரெண்டு நடை அடிச்சிருக்கலாம் என்று அவரும் ஒரே நேரத்தில் சொல்வார்கள். கணக்குத் தீர்ந்ததும், அடுத்த வாரம் வரவிருக்கும் இருபத்துநாலடி இரும்பு கர்டரைப் பற்றி வீட்டுக்காரர் தயக்கத்துடன் பேச்செடுப்பார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருக்கும் குட்டியானைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொல்லிவிடுவார்.