எம், கே, அரைப்புள்ளி

பிளஸ் ஒன் கணினிப் பாடநூல் ஓப்பன் ஆபீஸ் ரைட்டரில் அச்சிடும் கலையைச் சொல்லித் தருகிறது: கன்ட்ரோலோடு பி, பக்க எண், பிரதி எண்ணிக்கை, ஓகே. தேர்வுக்கு அது போதும். கோவை காந்திபுரம் ஜெராக்ஸ் கடைக்குப் போதாது.

அங்கே பாடத்திட்டமே வேறு. பென்டிரைவைச் செருகியதும் முதலில் வைரஸுக்கு ஒரு வணக்கம். அப்புறம், பிள்ளை வீட்டில் பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ்க் கட்டுரை திறக்கும். கடைக் கணினியில் பாமினி இல்லையென்றால், ‘அம்மா’ என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நிற்கும். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் கட்டியவை; வேஷம் கலைந்தால் உள்ளே இருப்பவர்தான் வெளியே வருவார்.

யூனிகோடில் இந்தத் தொல்லை கிடையாது. அதைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு அறிவித்தது 2010 ஜூனில், இதே கோவையில் கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில். அறிவிப்பு இன்னும் காந்திபுரம் வந்து சேரவில்லை. வழியில் உள்ள அவிநாசி சாலையின் நெரிசலைத் தெரிந்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

“ஏங்கண்ணு, பிடிஎஃப்பா மாத்திட்டு வந்திருக்கலாமல்ல?” என்கிறார் கடைக்கார அக்கா.

“மிஸ் அதை நடத்தவே இல்லீங்க்கா.”

“இப்ப என்ன பண்றது? எல்லாம் இங்கிலீஷா வருதே!”

“பரவால்லீங்க்கா. அட்டையை மட்டும் கலர்ல எடுத்து, ஸ்பைரல் போட்டுக் குடுங்க. மிஸ் அதைத்தான் பார்ப்பாங்க.”