வேலி எங்கே இருக்கிறது?

செம்மறியும் வெள்ளாடும் ஒரே பட்டியில்தான் அடைகின்றன. கலப்புக் குட்டி மட்டும் பிறப்பதில்லையே, ஏன்?
*– ஆடு வளர்ப்பவர், பரமக்குடி*

கிடாய்க்குத் தயக்கம் ஒன்றும் கிடையாது. சில சமயம் சேரும், சினைகூடப் பிடிக்கும். ஆனால் செம்மறிக்கு 54 குரோமோசோம், வெள்ளாட்டுக்கு 60. கலப்புக் கரு பெரும்பாலும் பாதியிலேயே கலைந்துவிடும். உயிரோடு பிறந்த குட்டிகள் உலகத்திலேயே அபூர்வம். உங்கள் பட்டியில் இனத்துக்கு இனம் போட்ட வேலி கருப்பைக்குள் இருக்கிறது. மற்ற உயிர்களுக்கு அது குரலில் இருக்கும், நேரத்தில் இருக்கும், நிறத்தில் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குரலில் வேலியா? எல்லாத் தவளையும் கத்தத்தானே செய்கிறது!
*– கல்லூரி மாணவர், மன்னார்குடி*

நமக்குக் கத்தல், பெண் தவளைக்கு அது முகவரி. வட அமெரிக்காவில் சாம்பல் மரத்தவளை இரண்டு இனங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றுக்கு 24 குரோமோசோம், மற்றதற்கு 48. ஒன்று வேகமாக அதிரும் குரலில் அழைக்கும், மற்றது மெதுவாக. பெண் அந்த வேகத்தைக் கேட்டே தன் இனத்து ஆணிடம் போகிறது. குளிர் கூடினால் ஆணின் குரல் மந்தமாகும். அதே குளிரில் பெண் விரும்பும் வேகமும் குறைந்துவிடும். தப்பித் தவறிக் கலந்து பிறப்பவை மலடாகவே வளர்கின்றன. தவறுக்கு இவ்வளவு பெரிய விலை இருப்பதால்தான் காது இவ்வளவு கூர்மையாயிற்று.

நேரத்தில் வேலி என்றால் ஒன்று கோடையிலும் ஒன்று மழைக்காலத்திலும் சேருமா?
*– வாசகி, தூத்துக்குடி*

அவ்வளவு இடைவெளி தேவையில்லை, இரண்டு மணி நேரம் போதும். கரீபியன் கடலில் நெருங்கிய உறவுள்ள பவள இனங்கள் பௌர்ணமி கழிந்த சில நாட்களில், ஒரே இரவில் முட்டையையும் விந்தையும் கடலில் விடுகின்றன. அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முந்திக்கொள்ளும். அதற்குள் அதன் விந்து நீரோட்டத்தில் சிதறி, வீரியமும் குறைந்துவிடும். ஒரே பாறை, ஒரே இரவு, ஆனாலும் கலப்பு அரிது.

கோவேறு கழுதைக்கு ஏன் குட்டி பிறப்பதில்லை? உடம்பு அவ்வளவு பலமாக இருக்கிறதே!
*– 11-ஆம் வகுப்பு மாணவி, நாமக்கல்*

நல்ல கேள்வி, இரண்டாவது பாதி இன்னும் நல்ல கேள்வி. குதிரைக்கு 64, கழுதைக்கு 62. தாய்க் குதிரையிடமிருந்து 32, தந்தைக் கழுதையிடமிருந்து 31, ஆக 63. தசையும் எலும்பும் வளர, குரோமோசோம்கள் தம்மை நகலெடுத்துப் பிரிந்தால் போதும். ஒன்றோடொன்று சோடி சேர வேண்டியதில்லை. அதனால் உடம்பில் குறையில்லை. விந்தோ முட்டையோ உருவாகும்போதுதான் தாய்வழியும் தந்தைவழியும் சோடி சேர்ந்தாக வேண்டும். 63 அங்கே சரியாகச் சேராது. வேலை பாதியில் நின்றுவிடும். பெண் கோவேறு கழுதை குட்டி ஈன்ற பதிவுகள் சில உண்டு. விதிவிலக்கு என்று சொல்லும் அளவுக்கே.

சிங்கமும் புலியும் சேர்ந்து பிறந்தவையும் மலடுதானா?
*– வாசகர், வண்டலூர்*

ஆண் மலடு, பெண் பல சமயம் மலடில்லை. கல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் புலித் தந்தைக்கும் சிங்கத் தாய்க்கும் பிறந்த ருத்ராணி, பிறகு ஒரு சிங்கத்தோடு சேர்ந்து குட்டிகள் ஈன்றது. இதற்கு விதி உண்டு: கலப்பில் ஒரு பால் மட்டும் பாதிக்கப்பட்டால், அது பெரும்பாலும் இரு வேறு பால் குரோமோசோம் உள்ள பாலாகவே இருக்கும். பாலூட்டிகளில் அது ஆண், பறவைகளில் பெண். 1922-ல் இதைச் சொன்னவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, புவனேஸ்வரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான். இயற்கையில் இந்தக் கலப்பு நடப்பதில்லை. கூண்டில் வேடிக்கைக்காக நடத்துவதும் தவறு; பிறக்கும் குட்டிக்குத்தான் அதன் நோவெல்லாம்.

வேலியைத் தாண்டி மனிதருக்கு நன்மை கிடைத்த கதை உண்டா?
*– கரும்பு விவசாயி, கோபிசெட்டிபாளையம்*

உங்கள் வயலிலேயே நிற்கிறது ஐயா! 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அங்கே ஆய்வாளர்களாக இருந்த பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் சாறு நிறைந்த பருத்த கரும்பை, நாணல் போன்ற மெலிந்த காட்டுக் கரும்போடு கலந்தார்கள். ஒன்றுக்கு இனிப்பு, மற்றதற்குத் தாங்கும் திறன். 1918-ல் வந்த கோ 205 ரகம் வட இந்திய வயல்களில் நின்று காட்டியது. பிறகு அதே நிலையத்தில் ஜானகி அம்மாள், கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த செடியின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்.

காட்டுக் கரும்போடு கலப்பது எப்படி முடிந்தது? கரும்பில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் பல நகல்கள். பருத்த கரும்பு தாயாக இருந்து காட்டுக் கரும்போடு சேரும்போது, பாதியான 40-ஐத் தராமல் பெரும்பாலும் தன் 80 குரோமோசோம்களையும் அப்படியே தந்துவிடுகிறது. கலப்புச் செடி விதை கொடுக்கத் தடுமாறினாலும் கவலையில்லை. நீங்கள் நடுவது கரணையைத்தானே!

மனித இனமும் வேலி தாண்டியிருக்கிறதா?
*– ஆசிரியை, மதுரை*

தாண்டியிருக்கிறது, சாட்சி நம் செல்லுக்குள். 2010-ல் ஸ்வாந்தே பாபோ குழு அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரின் மரபணுத் தொகுதியை வெளியிட்டது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் டி.என்.ஏ-வில் ஏறத்தாழ 2 சதவீதம் அவர்களுடையது. ஆனால் எக்ஸ் குரோமோசோமில் அந்தப் பங்கு மிகக் குறைவு. கலப்பு ஆண்களின் கருவளம் குறைந்திருக்கலாம் என்பதற்கு இது ஒரு தடயம். வேலி பாதி எழும்பியிருந்த காலத்தில் நடந்த சந்திப்பு அது.

சாதி விட்டுச் சாதி மணம் முடிக்கக் கூடாது என்பதற்கு இந்த அறிவியலில் ஆதாரம் இருக்கிறதா?
*– பெயர் வேண்டாம் என்ற வாசகர், சேலம்*

இல்லை. துளியும் இல்லை. இன்று வாழும் மனிதர் எல்லோரும் ஒரே இனம்; நமக்குள் கருவிலும் வேலியில்லை, பிறக்கும் பிள்ளையிலும் வேலியில்லை. இந்திய மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2013-ல் வந்த ஆய்வு, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே பரவலான கலப்பு நடந்ததாகச் சொல்கிறது. சிறு வட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் முடித்தால் சில மரபு நோய்கள் கூடும் என்பதுதான் அறிவியல் தரும் எச்சரிக்கை. ஆட்டுக்குக் கருப்பையில் இருக்கும் வேலியை மனிதர் தெருவில் கட்டினார்கள். கட்டியவரே இடிக்கலாம்.

ஓர் உயிரினத்தைக் காப்பது என்றால், அதைக் கொல்லாமல் விட்டால் போதாதா?
*– வாசகி, நாகர்கோவில்*

போதாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் சிக்லிட் மீன்கள் நூற்றுக்கணக்கான இனங்களாகப் பிரிந்து வாழ்ந்தன. நீல ஆணா, சிவப்பு ஆணா என்று நிறம் பார்த்தே பெண் துணை தேடும். கரையில் காடு அழிந்தது. வயல் உரமும் ஊர்க் கழிவும் ஏரியில் இறங்கின. பாசி பெருகி நீர் கலங்கியது. கலங்கிய நீரில் நீலமும் தெரியவில்லை, சிவப்பும் தெரியவில்லை. பெண் மீன்கள் கிடைத்த ஆணோடு சேர்ந்தன. குஞ்சுகளுக்கு மலட்டுத்தன்மையும் இல்லை. தனித்தனியாக இருந்தவை ஒரே மந்தமான நிறக் கூட்டமாயின. ஓலே சீஹவுசன் குழு 1997-ல் இதை உலகுக்குச் சொன்னது. எல்லா மீனும் உயிரோடிருக்க, இனம் மட்டும் தொலைந்துபோகும். அங்கே வேலியாக இருந்தது தெளிந்த தண்ணீர். ஆகவே நீரையும் இருட்டையும் அமைதியையும் காப்பதும் இனத்தைக் காப்பதுதான்.

இதையெல்லாம் ஆய்வகம் இல்லாமல் நான் பார்க்க முடியுமா?
*– 9-ஆம் வகுப்பு மாணவர், தென்காசி*

முடியும், முதலில் கேட்க முடியும். ஐப்பசி மழை பெய்த இரவில், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போங்கள். பேச்சை நிறுத்தி, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்டு, எத்தனை விதமான அழைப்பு என்று பிரித்து எழுதுங்கள். உங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் 2017-ல் 7 புதிய இரவுத் தவளை இனங்களை அறிவித்த ஆய்வாளர்கள், டி.என்.ஏ-வோடும் உடலமைப்போடும் அழைப்பொலியையும் சான்றாக வைத்தார்கள். ஆண்டுதோறும் அதே கரையில் பதிவு செய்து தேதியும் மழையும் குறித்து வையுங்கள். ஒரு குரல் வராமல் போனால், ஊரில் அதை முதலில் அறிந்து கேள்வி கேட்பவர் நீங்களாக இருக்க வேண்டும்.