எந்த ஸ்டேஷன் எல்லை?

இரண்டு போலீஸ் ஸ்டேஷன்களின் எல்லையில் பிணம் கிடந்தால் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். தலை அந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம் என்று அளந்துகொண்டு இருப்பார்கள்; வழக்கு மட்டும் பதிவாகாது. பைத்தானில் எழுதிய க்யூட் மென்பொருள் செத்து விழும்போதும் இதே பஞ்சாயத்துதான். க்யூட் என்பது சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய நூலகம். அதைப் பைத்தானோடு சேர்த்துத் தைக்க பைக்யூட், பைசைடு என்று இரண்டு இணைப்புகள். செத்தது எங்கே? சி பிளஸ் பிளஸ் பக்கம் போனால் "பைத்தான்காரர்களிடம் கேளுங்கள்" என்பார்கள். பைத்தான் பக்கம் வந்தால் "நூலகம் அப்படித்தான்" என்பார்கள். செத்தது தையலில். தையலுக்குத்தான் இன்ஸ்பெக்டர் கிடையாது.

சாவும் சாதாரணச் சாவு அல்ல. பட்டியலில் ஒரு வரியை கிளிக் செய்கிறீர்கள், ஜன்னல் மறைகிறது. பிழைச் செய்தி இல்லை. ட்ரை, எக்ஸெப்ட் என்று நிரலில் எத்தனை வலை கட்டியிருந்தாலும் எதிலும் சிக்காது. லினக்ஸில் 139 என்ற எண் மிஞ்சும், விண்டோஸில் -1073741819. சேமிக்காத வேலைக்கு இதுதான் இரங்கல் செய்தி.

காரணம் யாருக்கும் தெரியாத மர்மமா? இல்லவே இல்லை. பட்டியலுக்குத் தரவு தரும் மாடலைச் சொந்தமாக எழுதுகிறவர் கிரியேட்இண்டெக்ஸ் என்ற செயற்கூறிடம் ஒரு பைத்தான் பொருளைக் கொடுக்கிறார். அது முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும், பொருளைப் பிடித்துக்கொள்ளாது. பைத்தானோ தன் கணக்கைப் பார்த்து, யாரும் பிடித்திருக்கவில்லை என்று நினைவகத்தைக் காலி செய்துவிடும். பிறகு க்யூட் அந்த முகவரியைத் திருப்பித் தரும்போது அங்கே எதுவும் இருக்காது. கதை முடிந்தது.

இதைப் பற்றி பைசைடின் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது: பொருளை நீங்களே உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள். என்ன பெருந்தன்மை! நினைவகத்தை நாமே கட்டி மேய்க்க வேண்டாம் என்றுதான் ஐயா ஒருவர் பைத்தானுக்கே வருகிறார். குழியை மூடுவதற்குப் பதில் பலகை நட்டாயிற்று. இனி விழுந்தால், பலகையைப் படிக்காதது உங்கள் குற்றம்.

வக்கீல்களும் உண்டு. கிரியேட்இண்டெக்ஸ் உருவாக்கித் தரும் இண்டெக்ஸ் ஒரு சின்ன மதிப்பு, இஷ்டத்துக்குப் பிரதி எடுக்கப்படும், கடைசிப் பிரதி எப்போது சாகும் என்று இணைப்புக்குத் தெரியாது, ஆகவே பொருளைப் பிடித்துவைத்தால் நினைவகம் கசியும் என்பார்கள். உண்மைதான். கசியட்டும்! சில மெகாபைட் கசிவதும் மொத்தமாகச் சாவதும் ஒன்றா? மாடல் இருக்கும்வரை பொருளும் இருக்கட்டும் என்று வைத்தால் யார் குடி முழுகும்?

பைக்யூட் இன்னும் நேர்மை. அது சொல்லிவிட்டே கொல்லும். 2015இல் வந்த 5.5 பதிப்பு முதல், க்யூட் அழைத்த பைத்தான் செயற்கூறில் பிடிபடாத விதிவிலக்கு ஒன்று எழுந்தால் மொத்த நிரலையும் நிறுத்திவிடும். அதற்கு முன் திரையில் அச்சடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. எக்ஸெப்ட்ஹுக் என்று நாலு வரி நீங்களே எழுதிவைத்தால் தப்பலாம். எழுதாதவர்களுக்கு 2021இல் பாடம் கிடைத்தது. அந்த ஆண்டு வந்த பைத்தான் 3.10, முழு எண் கேட்கும் இடத்தில் தசம எண்ணைத் தானாக மாற்றித் தர மறுத்தது. அதுவரை கோடு வரைந்துகொண்டிருந்த நிரல்கள் ஒரு புள்ளிக்காக உயிரை விட்டன.

இதையெல்லாம் சரிசெய்யக் காசு இல்லையா, ஆள் இல்லையா? க்யூட்டை வைத்திருந்த நோக்கியா, பைக்யூட்டின் உரிமத்தில் உடன்பாடு ஏற்படாமல் 2009இல் பைசைடைப் பெற்றது. 2011இல் மைக்ரோசாஃப்ட் பக்கம் சாய்ந்ததும் பிள்ளையை நடுத்தெருவில் விட்டது. 2012இல் க்யூட் டிஜியாவுக்குக் கைமாறியது. அதே ஆண்டு டிசம்பரில் க்யூட் 5 வந்தது. அதற்கான அதிகாரபூர்வ பைத்தான் இணைப்பு முழு வெளியீடாக வந்தது 2018 டிசம்பரில். ஆறு வருடம்! சி பிளஸ் பிளஸ் வாடிக்கையாளரை ஆறு வாரம் இப்படி நிறுத்திவைத்துப் பார்க்கட்டும்.

ராத்திரி கண்விழித்து இலவசமாகத் திருத்தம் அனுப்புகிறவர்களை நான் சொல்லவில்லை, அவர்களைக் கும்பிடலாம். வணிக உரிமம் விற்கிறவர்களையும், இந்த இணைப்புகளின் மேல் சாமான் கட்டி விற்றுவிட்டு ஒரு திருத்தம்கூடத் திருப்பித் தராத நிறுவனங்களையும்தான் சொல்கிறேன். புகார் கொடுத்துப் பாருங்கள். சின்ன நிரலில் நடத்திக் காட்டு என்பார்கள். நினைவகம் எப்போது காலியாகும் என்பதைப் பொறுத்த சாவு, கூப்பிட்டால் வருமா? காட்டினால் புதிய பதிப்பில் பார் என்பார்கள். பார்த்தால், இது ஏற்கெனவே பதிவான பிழை என்று மூடுவார்கள். அந்தப் பழைய பதிவைத் தேடிப் போனால் அதுவும் மூடியிருக்கும், புகார்தாரரிடமிருந்து பதில் வரவில்லை என்று.